செடி போட்டோ போதும் சார், குப்பை டப்பாவைப் பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இணைப்புல மாடித்தோட்டத்தைப் பத்தி ரெண்டு பக்கத்துக்கு வந்திருந்துச்சு. கூடை நிறைய தக்காளி, பக்கத்துல சிரிச்ச முகம், மூணே மாசத்துல காய் வாங்குறதையே நிறுத்திடலாம்ங்கிற மாதிரி எழுத்து. படிச்சுட்டு எங்க வீட்டுலயே ரெண்டு சொந்தக்காரங்க போன் பண்ணி எத்தனை பை வாங்கணும், மண்ணு எங்க கிடைக்கும்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதான் இந்த லெட்டர். நான் எட்டு வருஷமா மொட்டைமாடியில செடி வைக்கிறேன், அதுல முதல் ரெண்டு வருஷம் வளர்த்தேன்னு சொல்றதைவிட கொன்னேன்னு சொல்றதுதான் சரி. அதனால குறை சொல்றதுக்காக எழுதலை, ஆனா கட்டுரையில வராத விஷயம்தான், அதாவது வீட்டுக் குப்பையை ஒரு டப்பாவுல போட்டு உரமா மக்க வைக்கிறதுதான், இதுல முக்கியமான விஷயம்னு எனக்குப் படுது.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். 100 கிராம் தக்காளியில சுமார் 18 கலோரிதான் இருக்கு, கீரையும் கிட்டத்தட்ட அதே லட்சணம்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி வேணும்னு வெச்சுக்கிட்டா தக்காளியை மட்டும் தின்னு உயிர் வாழ தினம் 11 கிலோ ஆகும், மாடியில இல்ல, அரை ஏக்கர்ல வெச்சாலும் வயிறு தாங்காது. வயித்தை நிரப்புறது தானியமும் பருப்பும் எண்ணெயும், அது மூணும் வயல்ல இருந்துதான் வரும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொன்னாங்க, கிட்டத்தட்ட 2 கோடி தோட்டம், 1944 வாக்குல அந்த நாட்டுக் காய்கறியில 40 சதவீதம் அதுல இருந்தே வந்துச்சுன்னு கணக்கு சொல்றாங்க. பெரிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா காய்கறியில 40, சாப்பாட்டுல 40 இல்ல. போர் முடிஞ்சதும் நிறையப் பேர் மண்வெட்டியைத் தூக்கி ஓரமா வெச்சுட்டாங்க. 1991ல சோவியத் உடைஞ்சப்ப கியூபாவுக்கு உரமும் பெட்ரோலும் வர்றது நின்னு போச்சு, ஹவானா நகரத்துல காலி இடத்துல எல்லாம் பாத்தி கட்டி மக்கின குப்பையைக் கொட்டி கீரையும் காயும் விளைய வெச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் நகர விவசாயம்னா எல்லாரும் அதைத்தான் உதாரணம் காட்டுறாங்க. அந்த ஊருக்கும் கோதுமை கப்பல்லதான் வந்துச்சு. எனக்கு அந்தக் கதையில கண்ணுல பட்டது வேற. உரம் இல்லாம போனதும் அவங்க முதல்ல கை வெச்சது குப்பையில.

நான் அதை அப்படியே தலைகீழா பண்ணேன். ஆரம்பிச்ச அன்னிக்கு என்ன வாங்குனேன் தெரியுமா, இருவது பிளாஸ்டிக் பை, கோகோபீட்ங்கிற தேங்காய் நார்த்தூள் கட்டி, ரெண்டு மூட்டை செம்மண், ஒரு மூட்டை மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கலர் கலரா விதை பாக்கெட். எல்லாம் வண்டியில வந்து இறங்குச்சு. அதே நாள் சாயந்தரம் வீட்டுக் காய்கறித் தோலு, டீத்தூள், மிச்ச சோறு எல்லாத்தையும் ஒரு கவர்ல கட்டி குப்பை வண்டியில போட்டேன். அதாவது உரத்தை வெளியில அனுப்பிட்டு உரத்தைக் காசு குடுத்து உள்ள கொண்டு வந்தேன், அதுக்குப் பேரு இயற்கை வாழ்க்கை. அந்தச் செம்மண்ணு எங்க இருந்து வந்துச்சு? எங்கயோ ஒருத்தர் நிலத்தோட மேல்மண்ணைச் சுரண்டித்தான் மூட்டை கட்டியிருப்பாங்க, ஒரு இஞ்ச் மேல்மண் உருவாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு இருந்த ஆர்வத்துல வாங்கித்தான் இருப்பேன்.

உலகம் முழுக்க 2022ல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து போனதுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல சொல்லியிருக்கு. இதுல காய் தோலு, எலும்பு மாதிரி சாப்பிட முடியாததும் அடக்கம். குப்பை மலைக்கு அடியில காத்து இல்லாம அழுகுனா அதுல இருந்து மீத்தேன் வரும், இருவது வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேத்துற வாயு. நம்ம மாடியில ரெண்டு கிலோ வெண்டைக்காய் வந்தா பூமிக்கு என்ன லாபம்னு எனக்குத் தெரியலை, ஆனா அந்தக் கவர் வண்டியில ஏறாம இருந்தா லாபம் உண்டு. செடியே வைக்க இடமில்லாதவங்களுக்கும், வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கும், கையில செடி நிக்காதவங்களுக்கும் இது முடியும். அதனாலதான் சொல்றேன், முதல்ல குப்பையை மக்க வைக்கிற டப்பா, அப்புறம் செடி.

டப்பா கதையும் அவ்வளவு அழகா இல்ல. மூடி போட்ட ஒரு பழைய வாளியில தோலு, சோறு, அழுகுன பழம்னு கொட்டிக்கிட்டே வந்தேன், பத்தாவது நாள் மூடியைத் திறந்தா முகத்துல அறைஞ்ச மாதிரி ஒரு நாத்தம், அழுகுன முட்டை மாதிரி, அடியில கறுப்பா தண்ணி, மேல புழு நெளியுது. கீழ் வீட்டு அக்கா படியேறி வந்து ஏங்க எலி ஏதாச்சும் செத்துக் கெடக்கான்னு கேட்டாங்க. நான் ஆமாங்கக்கா தேடிக்கிட்டு இருக்கேன்னு பொய் சொன்னேன். என்ன தப்புன்னா ரெண்டே ரெண்டு, காத்து இல்ல, காஞ்சது இல்ல. ஈரக் கழிவுல நைட்ரஜன் ஜாஸ்தி, காஞ்ச இலை, அட்டை, மரத்தூள்ல கார்பன் ஜாஸ்தி, கார்பன் கிட்டத்தட்ட 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்குன்னு நின்னாதான் நுண்ணுயிருக்குச் சரியான சாப்பாடு. யாரும் தராசு வெச்சு அளக்க வேண்டாம், ஒரு கை ஈரம் போட்டா ரெண்டு கை சருகு, கையில எடுத்துப் பிழிஞ்சா சொட்டக் கூடாது, ஈரத்துணி மாதிரி இருக்கணும். முட்டை நாத்தம் வந்தா காத்துப் பத்தலை, கிளறி விடு. மூக்கைச் சுடுற அமோனியா நெடி வந்தா சருகு பத்தலை. அவ்வளவுதான் பாடம். வாளி அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போட்டேன், தெருவுல கூட்டிக் கொளுத்துறதுக்குக் குவிச்சு வெச்சிருந்த இலையை ஒரு சாக்குல அள்ளிட்டு வந்தேன், பார்த்தவங்க ஒரு மாதிரியா பார்த்தாங்க. அந்தப் புழுவைப் பார்த்து நான் கொதிக்கிற தண்ணி ஊத்தப் போயிட்டேன், நல்லவேளை ஊத்தலை, அது பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்கிற ஈயோட புழு, குப்பையைத் தின்னு தீர்க்கிற வேலைக்காரன், சாப்பாட்டுத் தட்டுல வந்து உக்கார்ற ஜாதியும் இல்ல.

மூணு மாசம் கழிச்சு வாளியைக் கவுத்தேன். கறுப்பா, பொலபொலன்னு, முதல் மழை விழுந்த மண்ணு வாசனை. அந்த வாசனைக்கு ஜியோஸ்மின்னு பேரு, மண்ணுல இருக்கிற ஒரு வகை பாக்டீரியா பண்ற வேலை. கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன், அப்பதான் எலி விஷயத்தையும் ஒத்துக்கிட்டேன். இப்ப அவங்க வீட்டுத் தோலும் என் வாளிக்குத்தான் வருது. இன்னொண்ணு, நான் விதைச்சு வந்த தக்காளியைவிட அந்தக் குப்பையில தானா முளைச்ச தக்காளிதான் நல்லா வந்துச்சு. பெரிய குவியல்னா உள்ள 60 டிகிரி வரைக்கும் சூடாகி விதை எல்லாம் செத்துடும், நம்ம வாளியில அந்தச் சூடு நிக்காது, அதனால தோல்ல ஒட்டியிருந்த விதை எல்லாம் பொழைச்சுக்குது.

செடி வைக்கிறவங்களுக்கு உங்க கட்டுரையில எழுதாம விட்டது, எடை. நனைஞ்ச மண்ணு ஒரு லிட்டர் ஒன்றரை கிலோவுக்கு மேல இருக்கும். ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துல வெறும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டினாலே 150 கிலோ தாண்டுது, ஒரு அடி கொட்டினா கிட்டத்தட்ட அரை டன். மாடி முழுக்க பாத்தி கட்டுற ஆசை இருக்கிறவங்க ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு ஆரம்பிங்க, தொட்டியைத் தளத்து நடுவுல கூட்டமா வைக்காம தூணுக்கும் பீமுக்கும் மேல வர்ற மாதிரி வைங்க, கைப்பிடிச் சுவர் மேல மட்டும் எதையும் வைக்காதீங்க. தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுல தண்ணி ஒரு வாரம் நின்னா போதும், டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் வளர்ந்துடும், தோட்டம் நம்மளோடது காய்ச்சல் தெருவுக்கே.

சந்தோஷம் இல்லையான்னு கேட்டா இருக்கு, எழுதாம இருக்க முடியாது. நாலாவது மாடியில தேனீ வர்றது அபூர்வம், பரங்கிக் கொடி பூவா பூத்துத் தள்ளுது, பிஞ்சு எல்லாம் பழுத்து உதிருது. தண்ணி கம்மியா, உரம் கம்மியான்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அதுல ஆண் பூ தனி, பெண் பூ தனின்னு. பெண் பூவுக்கு அடியில குட்டியா ஒரு காய் இருக்கும், அதுதான் அடையாளம், விரிஞ்சு ஒரு காலைப் பொழுதுதான், வெயில் ஏறுனா சுருங்கிடும். ஆறரை மணிக்கு என் பொண்ணு ஸ்கூல் டிரஸ்ல வந்து நின்னா, ஆண் பூவைப் பறிச்சு இதழை எல்லாம் பிச்சுட்டு நடுவுல இருக்கிற மகரந்தக் காம்பை மட்டும் பெயிண்ட் பிரஷ் மாதிரி பிடிச்சுக்கிட்டு பெண் பூ உள்ள தடவுனோம், விரல்ல மஞ்சத் தூள் ஒட்டிச்சு, அவ அதை யூனிஃபார்ம்ல துடைச்சுட்டா. நாலாம் நாள் அந்தக் குட்டிக் காய் பழுக்கலை, பெருக்க ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி எட்டு காய் உதிர்ந்திருந்துச்சு, கட்டுரையில அந்த எட்டும் வரணும்ங்கிறேன்.

கடைசியா ஒரு பயம். இயற்கைன்னாலே ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட ரொம்ப ஆழமா இருக்கு. புகையிலையை ஊற வெச்ச தண்ணியைப் பூச்சிக்கு அடிங்கன்னு வாட்ஸப்ல சுத்துது, அதுல இருக்கிறது நிகோடின், தோல் வழியாவே உடம்புல ஏறும், வெறுங்கையில கலக்குறது பைத்தியக்காரத்தனம். வேப்பெண்ணெய் பரவால்ல, ஆனா அதையும் பூத்திருக்கிற செடியில காலையில அடிச்சா வர்ற ஒண்ணு ரெண்டு தேனீக்கும் கேடு, சாயந்தரமா இலைக்கு அடியில அடிக்கணும். அதைவிட முக்கியம், சுரை, வெள்ளரி, பரங்கி மாதிரி கொடிக்காய் ஏதாவது வழக்கத்துக்கு மாறா கசந்தா துப்பிடுங்க, மொத்தத்தையும் குப்பையில போடுங்க. குக்குர்பிட்டசின்னு ஒரு நஞ்சு, வேக வெச்சாலும் போகாது. ஜெர்மனியில 2015ல வீட்டுத் தோட்டத்துல விளைஞ்ச சுக்கினி, அதாவது பூசணி வகைக் காய், கசப்பா இருந்தும் சாப்பிட்டு ஒருத்தர் செத்தே போனார். நாமளே விதை எடுத்து வெச்சு அடுத்த வருஷம் போடும்போது பக்கத்துல இருக்கிற வேற கொடியோட மகரந்தம் கலந்திருந்தா இந்தக் கசப்பு வர வாய்ப்பு உண்டு. நம்ம வீட்டுக் காய்னு பாவம் பார்த்து முழுங்காதீங்க. ரோட்டோரம் வீட்டு முன்னாடி தரையில போடுறவங்களுக்கும் ஒண்ணு, ஈயம் கலந்த பெட்ரோலை உலகத்துலயே கடைசி நாடா அல்ஜீரியா நிறுத்துனது 2021லதான், அந்தந்த நாட்டுல நிறுத்துற வரைக்கும் வண்டி கக்குன ஈயம் எந்த மண்ணுல விழுந்துச்சோ அங்கயே மேலாக்குல தங்கிடும், தானா மறையாது. பழைய சுவர் பெயிண்ட் உதிர்ந்த இடமும் அப்படித்தான். அங்க கீரையும் கிழங்கும் போடாம தொட்டியில வெளி மண்ணு போட்டு வளர்க்குறது நல்லது, இந்த ஒரு இடத்துல மட்டும் மூட்டை மண்ணு வாங்குறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அதனால ஆசிரியர் சார், அடுத்த தடவை தோட்டத்துக்கு ரெண்டு பக்கம் ஒதுக்குனா ஒரு பக்கம் அந்த வாளிக்குக் குடுங்க. கூடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட வருஷத்துக்கு எத்தனை கிலோ வந்துச்சு, எத்தனை செடி செத்துச்சு, எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க, உங்க வீட்டுக் காய்கறித் தோலு இப்ப எங்க போகுதுன்னு நாலு கேள்வி கேட்டு அந்தப் பதிலையும் போடுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் மாசம் எதையும் வாங்காம, ஓட்டை போட்ட ஒரு வாளியும் ஒரு சாக்கு சருகும் வெச்சு ஆரம்பிக்கட்டும், வாளி மக்குற வரைக்கும் அந்த மூணு மாசத்துல வெயில் மாடியில எந்த மூலையில ஆறு மணி நேரம் அடிக்குதுன்னு பார்த்து வெச்சுக்கட்டும். போன் பண்ண என் ரெண்டு சொந்தக்காரங்களுக்கும் இதைத்தான் சொன்னேன். ஒருத்தர் சரின்னாரு, இன்னொருத்தர் ஏற்கனவே பை ஆர்டர் போட்டுட்டாராம்.

இப்படிக்கு,
மொட்டைமாடி வாசகர்