கப்பலேறி வந்த சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர், மலேசியா சென்று திரும்பும் செட்டிநாட்டுக்காரர்கள் கோடாலித் தைலத்தோடு அவ்வூர்ப் பேச்சு வழக்கையும் கொண்டுவருகிறார்கள். அச்சொற்களைத் தங்கள் நாளிதழ் தொகுத்து வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் சென்று திரும்பிய உறவினர் ஒருவர், காரைக்குடித் தேநீர்க் கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்க, கடைக்காரர் அதை ஏதோ வசவு என்று எண்ணித் திகைத்துவிட்டார். பாலும் சர்க்கரையும் சேராத கறுப்புக் காப்பிக்கு அங்கே அதுதான் பெயர். அதே உறவினர், திருமணப் பந்தியில் மனைவிக்கு இடம்பிடிக்க, அந்நாட்டு உணவங்காடி வழக்கப்படி நாற்காலியில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, ‘சோப்’ செய்தாயிற்று என்றார். பக்கத்திலிருந்த ஆச்சியோ, கை கழுவச் சோப்புக் கேட்கிறார் என்று பேரனை அனுப்பிவைக்க, அவன் திரும்புவதற்குள் வேறொருவர் அந்தத் தாளை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே அமர்ந்துவிட்டார்.

பந்தியே சிரித்தது, எனக்கோ சிரிப்புடன் பெருமையும் உண்டாயிற்று. நம் ‘கடை’ மலாய் மொழியில் ‘கெடாய்’ என்றும் ‘கப்பல்’ ‘கப்பால்’ என்றும் இன்றும் வழங்குகின்றன. தோற்றுவிடுவோமோ என்று அஞ்சிப் பதறுவதைக் குறிக்கும் ‘கியாசு’ என்ற, ஹொக்கியென் என்னும் சீன வட்டார மொழிச் சொல்லை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2007-இல் சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் எனப்பட்ட வணிகக் கூடங்களில் தங்கித் தொழில் செய்தவர்களின் வீடுகளில் புழங்கிய சொற்களோ ஏட்டில் ஏறாமல் மறைந்து வருகின்றன.

பர்மா, சைகோன் பேச்சு வழக்குகளைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை.