அம்மிணிக்கு, கட்டில் விசயமா

அம்மிணி,

நீ அனுப்புன போட்டோவைப் பட்டறையில வெச்சுத்தான் பார்த்தேன். பெரிய கட்டிலை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் திறந்து, வெள்ளை வலையோட ஒரு குட்டிக் கட்டில். "அண்ணா, இது மாதிரி செஞ்சு தர்றியா, ஆன்லைன்ல வாங்கிக்கட்டுமா"ன்னு கேட்டிருந்தே. போன்ல சொன்னா "சரிண்ணா"ன்னு பாதியில வெச்சுருவே. அதான் எழுதறேன். மாசமா இருக்கற வேற நாலு பேரும் படிச்சுக்கட்டும்.

வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆபரேசன் ஆயிட்டா குனிஞ்சு தூக்க முடியாது. ராத்திரி மூணு தடவை பால் குடுக்க எந்திரிக்கறவளுக்குப் பாப்பா கைக்கெட்டுற தூரத்துல இருக்கறது பெரிய ஒத்தாசை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022-ல சொன்னதும் அதுதான்: குறைஞ்சது 6 மாசம் ஒரே ரூம், ஆனா படுக்கை தனி.

ஆனா அந்தப் போட்டோவுல, உன்ற மெத்தையும் பாப்பா மெத்தையும் ஒரே மட்டத்துல, நடுவுல ஒண்ணுமில்லாம கிடக்குது பாரு. அழகாத்தான் இருக்குது. நானும் அப்படித்தான் செஞ்சேன்.

உன்ற மருமகன் பொறந்தப்ப, பட்டறையில மிச்சம் கிடந்த வேப்பம்பலகையில ஒரு கட்டில் அடிச்சேன். ஊரே வந்து பார்த்துச்சு. எங்களுது இலவம்பஞ்சு மெத்தை. அண்ணி தினமும் ஓரத்துல உக்காந்து பால் குடுத்துக் குடுத்து, ரெண்டு மாசத்துல அந்த ஓரம் அமுங்கிப் போச்சு. சக்கரத்துக்கு லாக் வெக்கலை, கட்டிலும் தள்ளித் தள்ளி நாலு விரக்கடை விலகிக் கிடந்திருக்குது. ஒரு ராத்திரி அண்ணி கையை நீட்டித் தடவுனா, பையன் அந்தச் சந்துல முகத்தைக் குடுத்துச் சாஞ்சு கிடக்கறான். ஒண்ணும் ஆகலை. ஆனா அழவே இல்லை அம்மிணி, அதுதான் இன்னைக்கும் மனசுல கிடக்குது. விடிஞ்சதும் மொதல் வேலையா அந்தக் கட்டிலைப் பிரிச்சுப் போட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஐரோப்பாவுல இதுக்குன்னே ஒரு தர அளவு இருக்குது, இ.என். 1130, 2019-ல வந்தது. தாய்ப் பக்கம் இறக்கி விட்டாலும், பாப்பா மெத்தைக்கு மேல 12 செ.மீ. தடுப்பு நிக்கணும். அந்தத் தடுப்போட தலை உங்க மெத்தை மட்டத்துக்குச் சரியா வரணும். பாப்பா ஒரு படி கீழதான் படுத்திருக்கும். உள்ள இன்னொரு மெத்தையைப் போட்டு உசத்திட்டா தடுப்பு இருந்தும் பிரயோசனமில்லை.

இன்னொண்ணு, பெல்ட். குட்டிக் கட்டிலைப் பெரிய கட்டிலோட இழுத்துக் கட்டறதுக்குக் குடுப்பாங்க. இங்க அம்மா வீட்ல அப்பாரு காலத்துத் தேக்குக் கட்டில், சட்டத்துல சுத்திக் கட்டிரலாம். திருப்பூர்ல உன்றது கீழ பொட்டி வெச்ச கட்டில், பெல்ட் நுழைய வழியே இல்லை. ரெண்டு கட்டிலும் உசரமும் வேற வேற. கால் உசரம் மாத்தற மாதிரி பார்க்கணும். திருப்பூருக்குப் போனப்புறம் பெல்ட் கட்ட முடியாட்டி, நாலு பக்கமும் தடுப்பை ஏத்தி விட்டுத் தனியா நிறுத்து. சந்து விட்டு ஒட்டி வெக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆத்தா என்ன சொல்லும்னு உனக்கே தெரியும். தலை உருண்டையா வரணும்னு கடுகுத் தலையணை தெச்சு வெச்சாச்சு, நானே பார்த்தேன். வருசம் திரும்பற வரைக்கும் எந்தத் தலையணையும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வெச்சு, முழிச்சிருக்கறப்ப கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுப் பக்கத்துலயே இருந்தாத் தலை தானா சரியாயிரும். தலைமாட்டுல இரும்பு வெக்கணும்னா கட்டிலுக்கு அடியில வெச்சுக்கட்டும், சண்டை போடாதே. சேலைத் தொட்டில்ல தாடை நெஞ்சுல முட்டி மூச்சு அடைபடலாம். சீர் அன்னைக்குப் போட்டு ஆட்டுங்க, போட்டோ எடுங்க, ராத்திரித் தூக்கத்துக்கு ஆகாது. உனக்கு நாள் சொல்லியிருக்கறது சித்திரையில. அந்த வெக்கைக்கு ஃபேனும் ஒரு பருத்தித் துணியும் போதும், கம்பளி எதுக்கு?

சரி, செய்யறதா வாங்கறதா? ஆசாரி வாயால சொல்றேன், இதை வாங்கிரு. அந்த இ.என். 1130 நம்பர் போட்டதாப் பார்த்து நானே ஆர்டர் போடறேன், தாய்மாமன் சீரு விட்டுப் போகாது. குழந்தை கையூணி எந்திரிக்கப் பார்த்தா, இல்ல 6 மாசம் வந்தா, எது முந்துதோ அன்னையோட அதை ஓரங்கட்டிரணும். அப்புறம் போடற பெரிய கட்டில் என்ற வேலை. சட்டத்துக்குச் சட்டம் 2 இன்ச் 3 நூலுக்கு மேல (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு) இடைவெளி விட மாட்டேன். அதுதான் அமெரிக்கக் கணக்கு.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். தரையில இருந்து மெத்தை மேல் மட்டம் வரைக்கும் டேப்பு வெச்சு அளந்து அனுப்பு. ஓரத்துல ஆள் உக்காந்திருக்கறப்ப ஒண்ணு, எந்திரிச்சப்புறம் ஒண்ணு. நீ உக்காந்து எந்திரிச்சுச் சிரமப்படாதே. மாப்பிள்ளையை உக்கார வை.

அண்ணன்