அந்தப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே

அம்மு,

நீ அனுப்பிய பவர் பத்திர வரைவைப் படித்தேன். கோத்தகிரி வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்தவும் கரண்ட் பில் கட்டவும் ஒரு ஆள் வேண்டும் என்பது சரிதான், ஆனால் நடுவில் 'விற்கவும் அடமானம் வைக்கவும்' என்று சத்தமில்லாமல் ஒரு வரி இருக்கிறதே, ரூம் வாடகைக்கு விடுகிறவருக்கு அது எதற்கு?

ஏமாற்றினால் ஜெயில்தானே என்று போனில் சொன்னாய். சட்டத்தில் தண்டனைக்குக் குறைச்சல் இல்லை. மோசடிக்கு நாம் 420 என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318(4), 7 வருடம் வரை. போலிப் பத்திரம் தயாரித்தால் 338, 10 வருடம் வரை, ஆயுள் தண்டனைகூடக் கொடுக்கலாம். இதெல்லாம் மோசடிக்கும் போலிக்கும். நீயே கையெழுத்துப் போட்ட பவரை வைத்து அவர் விற்றால் அது போலி இல்லையே, வாங்கினவன் முறையாகப் பதிவான கிரயப் பத்திரத்தோடு வந்து நிற்பான்.

வீட்டில் அத்துமீறி நுழைந்து உட்கார்ந்துகொண்டால் என்ன தண்டனை தெரியுமா? 329(4)-ன்படி அதிகபட்சம் 1 வருடம், 5,000 ரூபாய் அபராதம். சீசனில் ஊட்டியில் இரண்டு நாள் ரூம் போட்டால் அந்தக் காசு போய்விடும். அதுவும் நீயே சாவி கொடுத்த ஆள் என்றால் ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். வெளியேற்றப்பட்ட 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் உரிமையை நிரூபிக்காமலே அனுபோகத்தை, அதாவது வீட்டை நம் கைவசம், திரும்பக் கேட்கலாம், அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் வீடு போனது நமக்குத் தெரிய வேண்டுமே. காட்டெருமை வாசலில் வந்து நின்றால் பக்கத்து வீட்டார் உடனே எனக்குப் போன் செய்வார்கள், உள்ளே நாலு பேர் குடியிருந்தால் நீ அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள்.

அதனால் வாடகை, வரி, கரண்ட் இதற்கு மட்டும் ஸ்பெஷல் பவர் எழுது, விற்க அதிகாரம் இல்லை என்று தெளிவாகப் போடு. சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் அட்டெஸ்ட் செய்து அனுப்பு, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டின் மேல் விற்பனையோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றையும் அவ்வப்போது ஆன்லைனில் போட்டுப் பார்.

அப்புறம், ஒரிஜினல் பத்திரத்தை அவர் மறுபடி கேட்டால் அப்பாவிடம் இருக்கிறது என்று சொல். மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா