ஏழரை வெயில்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகனுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்து எட்டரைக்குப் படுத்தால் பன்னிரண்டு அடிப்பதற்குள் கண் திறந்துவிடுகிறது, அப்புறம் புரண்டுகொண்டே கிடக்கிறேன் என்று போனில் சொன்னாய். அம்மா இதை ஏழரைச் சனி என்கிறாள். எனக்கென்னவோ ஏழரை மணி வெயில் என்றுதான் படுகிறது.

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் காலை ஏழு மணிக்கு வேலை விட்டு, மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போகிறாய். பாலம் கிழக்கே போகிறது. பினாங்கில் வருடம் முழுக்க ஏழு மணியையும் ஏழரையையும் ஒட்டித்தான் பொழுது விடியும். 1982 ஜனவரியில் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். ஆக, இரவெல்லாம் விழித்தவன் முகத்தில் அன்றைய முதல் வெயில் நேராக விழுகிறது.

அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன். விழித்திரையில் உருவத்தைப் பார்க்கும் செல்கள் போக, எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கணக்கெடுக்கும் நரம்புச் செல்கள் கொஞ்சம் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமியால் வேலை செய்பவை. அவை தாமாகவே ஒளியை உணர்வது 2002-ல்தான் தெளிவானது. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய வான்நீல ஒளிக்குத்தான் இவை அதிகம் துள்ளும். சேதி போய்ச் சேருமிடம், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் மூளைக் கடிகாரம்: சுமார் 20,000 நரம்புச் செல்கள், அரிசி மணியைவிடச் சிறிய இடம். உடலுக்கு இரவு என்று சொல்லும் ஹார்மோனான மெலட்டோனின் எப்போது சுரக்கலாம் என்று சொல்வது அதுதான். விழிப்பையும் மனநிலையையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கும் அந்த விழித்திரைச் செல்களிலிருந்து சேதி போகிறது. வெளிச்சத்தில் தூக்கம் கலைவது அதனால்தான்.

இந்தக் கடிகாரத்தை இரண்டு பக்கமும் தள்ளலாம். இரவில் தூங்கிப் பழகியவனுக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் உடல் சூடு ஆகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்கு, அதாவது நாளைக்குத் தாமதமாகத் தூங்கும்படி, தள்ளும். அதற்குப் பின்னால் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். நீ ஷாப்ஃப்ளோர் விளக்கில் இரவு முழுக்க நின்று சம்பாதித்த ஒரு மணி நேரத்தைப் பாலத்து வெயில் திருப்பி எடுத்துக்கொள்கிறது. உடல் களைப்பு உன்னை மூன்று நாலு மணி நேரம் தூங்க வைக்கும். அது தீர்ந்ததும், "இது பகல்" என்று பிடிவாதமாக நிற்கும் கடிகாரம் எழுப்பிவிடும். பன்னிரண்டு மணிக்கு நடப்பது அவ்வளவுதான்.

நாலு இரவு தொடர்ச்சியாக வேலை என்பதால் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பதில் பலன் உண்டு. இரண்டே இரவு என்றால் வேண்டாம் என்றிருப்பேன். வேலை தொடங்கியதிலிருந்து விடிகாலை மூன்று மணி வரை ஓய்வு நேரத்தையும் பிரகாசமான இடத்தில் கழி. இருட்டு மூலையில் போன் பார்த்துக்கொண்டு உட்காராதே. கோப்பி இரண்டு மணியோடு நிறுத்து. குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். மஞ்சள் விளக்கு அறையில் வேலை பார்க்கும் உன் நண்பர்களுக்கு வெளிச்சத்தால் கடிகாரத்தைத் தள்ளுவது அவ்வளவாக நடக்காது. மின்னணுச் சில்லு (சிப்) மேல் பூசும் ரசாயனம் நீல ஒளியில் கெட்டுப்போகும் என்று அங்கே அந்த ஒளியை வடிகட்டியிருப்பார்கள். மெலனாப்சினுக்கு வேண்டியதும் அதேதான்.

வீடு திரும்பும் வழிதான் சிக்கல். ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டால் கடிகாரம் தப்பும். (கடையில் 'புளூ கட்' என்று விற்கும் வெள்ளைக் கண்ணாடி போதாது, அது வடிப்பது கொஞ்சம்தான்.) ஆனால் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் ஓட்டுபவனை விழிக்க வைத்திருப்பதே அந்த வெயில்தான். அதையும் மறைத்துக்கொண்டு பாலத்தில் ஓட்டாதே, ஐயா. நாலு இரவும் ஃபேக்டரி பஸ்ஸில் போ. பஸ்ஸில் கண்ணாடியைப் போட்டுக்கொள். மோட்டாரில்தான் போக வேண்டும் என்றால் கண்ணாடி வேண்டாம், கிளம்புமுன் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் போ. தூக்கம் கெட்டால் கெடட்டும்.

வழியில் மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடை வாசலில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவதையும் விடு. மேகம் மூடிய வானத்தின் கீழே அரை மணி நேரம் என்றாலும் சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). தாப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கிக்கொள்.

வீட்டில் முதல் எதிரி உன் போன் இல்லை, கூரையில் மாட்டிய 6500 கெல்வின் 'டேலைட்' டியூப். (கெல்வின் எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும்.) 2022-ல் ஆய்வாளர் குழு ஒன்று பரிந்துரைத்த அளவு இது: படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் கண் மட்டத்தில் 10 லக்ஸைத் தாண்டக் கூடாது, தூங்கும் இடத்தில் 1 லக்ஸ். நீல ஒளிக்கு எடை கொடுத்துக் கணக்கிட்ட லக்ஸ் இது. 2700 கெல்வின் பல்பு என்றால் சாதாரண மீட்டரில் இருபது வரை காட்டினாலும் தப்பில்லை. உனக்கு அந்த மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் வேலையிலும் வழியிலுமே போய்விடுகிறது, அதற்கு வழியில்லை. மீதி ஒரு மணி நேரத்தையாவது ஒரே ஒரு மேசை விளக்கோடு முடி.

படுக்கையறைத் திரை கனமாக இருந்தால் மட்டும் போதாது. ஒளி வருவது துணி வழியாக இல்லை, கம்பிக்கு மேலேயும் பக்கவாட்டிலும். உன் அறையில் நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய ஜன்னல்) என்பதால் பட்டைகளுக்கு நடுவிலும் வரும். கெட்டி அட்டையை ஜன்னல் சட்டத்தைவிட நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பெரிதாக வெட்டு. வெளிப்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டு, சூடு குறையும். உள்ளே வெல்க்ரோவால் பொருத்து. மாலையில் கழற்றிக் காற்று விடலாம். மத்தியானம் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் நின்று கையை நீட்டிப் பார். விரல்கள் தெரிந்தால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது. கதவடி இடுக்கை எல்லோரும் மறப்பார்கள், அங்கே பழைய துண்டைச் சுருட்டி வை. ஏர்கோனில் நீலப் புள்ளி எரிந்தால் கறுப்பு டேப்.

லீவு நாட்களில் முழுப் பகல்காரனாக மாறிவிட்டால் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடிகாலை மூன்றுக்குப் படுத்து மத்தியானம் பன்னிரண்டுக்கு எழு. இரண்டு பக்கமும் பாதி வழி.

அடுத்த லீவில் இங்கே வரும்போதும் அப்படியே. காலை ஆறு மணிக்கே பசியாற எழுப்பப் பார்ப்பாள் அம்மா, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் பழைய அறை ஜன்னலை அளந்துவிட்டேன், அட்டை வெட்டுவதுதான் பாக்கி.

அன்புடன்,
அப்பா