ஈப்போவில் இருக்கும் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுவாரமே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பொங்கல் முடிந்த கையோடு இங்கே சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு வேலை தொடங்கிவிட்டது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத ஒரு மதியம் கிடைத்தது. முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று போன கடிதத்திலேயே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய் என்றும் தெரியும்.

நீ கேட்டிருந்த கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். உங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் சனி, ஞாயிறு வந்து பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏதாவது நடத்தச் சொல்லிக் கேட்கிறார்கள், இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தியது போதாதா என்று வீட்டில் சொல்கிறார்கள், உன் அனுபவத்தை எழுது என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அவர் போன பிறகு வீடு எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியும். மகள் காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணி. பேரன் பள்ளி முடிந்து மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்விடுவான். காலையில் ஈரச்சந்தைக்குப் போய்விட்டு வந்தால் அப்புறம் பேசுவதற்கு ஆள் கிடையாது. ஒரு நாள் பேரனை நீச்சலுக்குப் பதிவு செய்யலாமென்று பக்கத்துச் சமூக மன்றத்துக்குப் போனேன். கலாசார நிகழ்ச்சிகளுக்கும் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கும் உதவப் பகுதி நேர ஆள் வேண்டும் என்று அங்கே ஒட்டியிருந்தார்கள். தமிழ் தெரிந்தவர் என்றால் நல்லது என்று முகப்பில் இருந்த பெண் சொன்னாள். முப்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். "ஆண்ட்டி, உங்களுக்கு இந்தப் பேட்டையில் எத்தனை பேரைத் தெரியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்கள் புளோக்கிலேயே இருபது வீட்டைச் சொன்னேன். அது போதும் என்றாள்.

வியாழன் முதல் ஞாயிறு வரை வேலை. இங்கே சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் கீழே பார்த்தால் பகுதி நேரம். நான் பார்ப்பது இருபது மணி நேரத்துக்குப் பக்கம். சம்பளம் மணிக்கணக்கில். மத்திய சேமநிதியும் போடுகிறார்கள். நாற்காலி போடுவது, பெயர் பதிவது, மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, ஹலால் சாப்பாட்டு மேசையையும் சைவ மேசையையும் தள்ளித்தள்ளி வைத்துக் கரண்டி மாறாமல் காவல் காப்பது, இரவு பத்தரை மணிக்குமேல் சத்தம் வெளியே போகாமல் முடிப்பது என்று சின்னச் சின்ன வேலைகள்தான்.

உனக்கு நினைவிருக்கிறதா, சின்ன வயதில் நாம் சமூக நிலையத்துக்கு எதற்குப் போவோம் என்று? டிவி பார்க்கத்தான். 1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தபோது நாம் நடக்கப் பழகிய குழந்தைகள். நமக்கு விவரம் தெரிந்த பிறகும் நம் வீட்டில் பெட்டி கிடையாது. மர பெஞ்சில் இடம் பிடிக்க உன் அக்கா நம்மை முன்னாலேயே அனுப்பிவிடுவாள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் படம் ஓடும்போது எழுந்து போகாமல் நம்மோடு சேர்ந்து சண்டைக் காட்சிக்குக் கை தட்டுவார்கள். அவரவர் வீட்டில் பெட்டி வந்தது, பெஞ்ச் காலியானது. நான் இப்போது பார்க்கும் வேலையே அந்த பெஞ்சை மறுபடி நிரப்பும் வேலைதான் என்று எனக்குத் தோன்றும். அப்போது வீட்டில் இல்லாத பொருள் ஒன்று மன்றத்தில் இருந்தது. இன்றைக்கு எல்லாம் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. பிறகு எதற்காக ஒருவர் மின்தூக்கியில் இறங்கி, சாலையைக் கடந்து, மன்றத்துக்கு வர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒன்றரை வருடம் ஓடியது.

முதல் வருடப் பொங்கல் கதையைச் சொல்கிறேன். இங்கே ஜனவரியில் ஏழே கால் மணியை ஒட்டித்தான் விடியும். அதற்கு முன்னால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது என்பதால் கூரை போட்ட முற்றத்தில் ஏற்பாடு. விறகு அடுப்புக்கு வழியில்லை, கேஸ் அடுப்புதான். மண்பானை வாங்குவது என் பொறுப்பு. முந்தின நாள் மாலை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் ஆறு பானை வாங்கி வந்து, கழுவித் துடைத்து, மஞ்சள் கொத்துக் கட்டி வைத்துவிட்டேன். மறுநாள் பால் ஊற்றிப் பத்து நிமிடம் இருக்கும். நடுவில் இருந்த பானை டப்பென்று வெடித்தது. பால் மேசையில் வழிந்து என் புடவையில் கொட்டியது. சுற்றி நின்ற நூறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பொங்கலன்று பானை உடைந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேத்தியின் நடனத்தைப் பார்க்க வந்தவர். அதற்கு முன்னால் மன்றத்துப் பக்கமே வந்ததில்லை. "புதுப் பானையை ஊறப்போடாமல் அடுப்பில் ஏற்றலாமா? அதிலும் கேஸ் அடுப்பில் நெருப்பு ஒரே இடத்தில் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மற்ற அடுப்புகளையெல்லாம் சிம்மில் வைத்தார். எங்கள் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, உடைந்த பானையில் கட்டியிருந்த மஞ்சளை அவிழ்த்து அதில் கட்டினார். பிறகு எல்லாப் பானையும் நன்றாகப் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று அவர்தான் முதலில் குரல் கொடுத்தார்.

அந்த வாரமே அவர் வீட்டைத் தேடிப் போய், அடுத்த பொங்கலுக்குப் பானை உங்கள் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டேன். நம்ப மாட்டாய், இந்த வருடம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே பானைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் குளியலறை வாளியில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கியிருக்கிறார். ஆறு பானைக்கும் ஆறு வேளை. வேலையில் கூடமாட நிற்கட்டும் என்று பக்கத்து வீட்டுச் சீன அம்மாவையும் கூட்டிச் சேர்த்திருக்கிறார். அந்த அம்மா பொங்கலன்று தன் மகன், மருமகளோடு வந்து, "இது நான் கழுவிய பானை" என்று ஒரு பானையைக் காட்டி நின்றதைப் பார்க்க வேண்டுமே.

என் மனதில் ஊறிப்போன விஷயம் இதுதான். வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வேலையைக் கொடுத்தால் மறுபடி வருவார், கூட ஒருவரையும் அழைத்து வருவார்.

எல்லா இடத்திலும் இப்படி நினைப்பதில்லை. போன தீபாவளிக்கு வேறொரு அமைப்பின் கொண்டாட்டத்துக்கு உதவப் போயிருந்தேன். வெளியிலிருந்து நடனக் குழு, பெரிய விளக்கு, நானூறு நாற்காலி. பேட்டைக்காரர்கள் ஒருவர் கையிலும் எந்த வேலையும் இல்லை. கோலம்கூட அச்சடித்து ஒட்டியதுதான். ஒன்பது மணிக்குப் பொட்டலம் கொடுத்ததும் ஐந்தே நிமிடத்தில் மண்டபம் காலி. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் அழகாக எழுதப்பட்டது. நல்ல கலைஞர்களைக் கூட்டி வருவதில் தவறே இல்லை, பிள்ளைகள் நல்ல ஆட்டத்தையும் பாட்டையும் பார்த்தால்தானே ஆசை வரும். ஆனால் தீபாவளியன்று தன் பேட்டையில் ஒரு கோலம் போட இடம் கிடைக்காமல் நின்ற பெண்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் மன்றத்தில் பெரிய துணியை விரித்துச் சாயம் போட்ட அரிசியில் கோலம் போடுகிறோம். தரையில் கறை பிடிக்காது, எத்தனை கை வேண்டுமானாலும் சேரலாம்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மூத்தோருக்கு விளையாட்டு நேரம். கேரம், சீட்டு, சீன சதுரங்கம் எல்லாம் உண்டு. ஒரு மக்சிக், அதாவது வயதான மலாய் அம்மா, தன் வீட்டிலிருந்து சொங்காக் என்ற குழி ஆட்டப் பலகையைக் கொண்டுவந்து தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் பானைப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அடே, இது பல்லாங்குழி" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்ற சந்தை மலாய் மட்டும்தான். பக்கத்துக்கு ஏழு குழி என்பது வரைக்கும் சரி. சுற்றி வரும்போது மக்சிக் ஓரத்திலிருக்கும் பெரிய குழியில் ஒரு சோழியைப் போட்டார். அது அவருடைய 'ரூமா', அதாவது வீடு. பாட்டி விடவில்லை, அந்தக் குழி கணக்கிலேயே கிடையாது என்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு குழியில் நாலு சோழி சேர்ந்ததும் பாட்டி "பசு!" என்று சொல்லி அள்ளிக்கொண்டார். மக்சிக்குக்கு வந்ததே கோபம். அரை மணி நேரம் ஆட்டமே நடக்கவில்லை, சட்டம்தான் பேசினார்கள். கடைசியில் ஒரு ஆட்டம் வீட்டுக் கணக்கு, அடுத்த ஆட்டம் பசுக் கணக்கு என்று முடிவானது. இப்போது வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு யார் வராவிட்டாலும் அவர்கள் இருவரும் வந்துவிடுகிறார்கள். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் என்னிடம் வந்து போன் போடச் சொல்கிறார்.

பள்ளி விடுமுறையில் என் பேரன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவனுக்கு மாடு என்றால் பொங்கலுக்குத் தேக்காவில் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அதுதான். "பாட்டி, பசு எங்கே?" என்று குழிக்குள் தேடினான். நாலு சோழியை அவன் உள்ளங்கையில் வைத்து, இதுதான் பசு என்று அவர் சொன்னார். அன்றைக்கு வீடு போகும்வரை அவன் கையை விரிக்கவே இல்லை.

தமிழைப் பற்றியும் கேட்டிருந்தாயே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். நாம் படித்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1982இல் மூடியபோது அழுதோமே, அந்த எண்ணைப் படித்தபோதும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் மைக்கில் எந்த அறிவிப்பு வந்தாலும் ஆங்கிலத்துக்குப் பிறகு தமிழிலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். யாரும் என்னிடம் சொல்லச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நான் சொல்லட்டுமா என்று கேட்டு மைக்கை வாங்கினாள். "கார் எண்" என்று வரும் இடத்தில் தடுமாறினாள், ஆனால் முடித்தாள். கீழே இறங்கி வந்தவளின் கை சில்லென்று இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பெல்லாம் அவள் பொறுப்பு.

உடம்புக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. சில நாள் கால் வீங்கிவிடும். பெருநாள் என்றால் நம் வீட்டுப் பெருநாள் இரண்டாம்பட்சம் ஆகிவிடும், மகளுக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் நீ போவதென்றால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. எத்தனை மணி நேரம் என்பதை முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொள். நல்ல மனதோடு கூப்பிடுகிறவர்கள்தான் நேரம் காலம் பார்க்காமல் வேலை வாங்குவார்கள்.

மற்றபடி, போ. பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போகாதே. முதல் இரண்டு வாரம் யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுது. ஈப்போவில் பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கும் கும்மிப் பாட்டுத் தெரிந்தவர்களுக்கும் குறைச்சலா? பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லித் தரட்டும், நீ பக்கத்தில் நின்றால் போதும். வராதவர்கள் வீட்டுக்குப் போன் போடு. நோட்டீஸ் பார்த்து வந்தவர்களைவிட, "உங்களை எதிர்பார்த்தேன், வரவில்லையே" என்ற ஒரு போனுக்கு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் இங்கே தமிழ் மொழி விழா. 2007இலிருந்து வருடா வருடம் நடக்கிறது, உனக்குத் தெரியும். எங்கள் மன்றத்தில் இந்த முறை பழைய விளையாட்டுகளை வைக்கலாமென்று கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். பல்லாங்குழிக்கு இரண்டு பலகை கிடைத்திருக்கிறது, போதாது. உன் அம்மா வைத்திருந்தாரே, நடுவில் மடிக்கிற மரப்பலகை, மீன் மாதிரி இருக்குமே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு நீயே வா. பஸ்ஸில் ஜன்னலோர இடமாகப் பார், காலை நீட்டிக்கொள்ளலாம். சோழி வேண்டாம், பாட்டி புளியங்கொட்டை சேர்த்து வைத்திருக்கிறார். எந்தச் சனிக்கிழமை என்று முடிவானதும் போன் போடுகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி