எல்லா இடத்திலும் 'பலி' வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கச் செய்திகளில் 'சாக்ரிஃபிகார்' என்ற ஸ்பானிய வினைச்சொல் வந்தால், தமிழில் 'பலியிட்டனர்' என்று எழுதிவிடுகிறோம். சாமிக்குப் பலியிடும் பொருள் அதற்கு உண்டுதான். ஆனால் செய்தியில் அந்தப் பொருளில் அது வருவது அபூர்வம்.

இறைச்சிக்கூடச் செய்தி என்றால் அதன் பொருள் 'அறுத்தல்'. நோய்த்தடுப்பு என்றால் 'கொன்றழித்தல்'. 2022 அக்டோபரில் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவில், கர்ரால் பகுதியில், ஒரு மிங்க் (ரோமத்துக்காக வளர்க்கும் சிறு விலங்கு) பண்ணையில் பறவைக் காய்ச்சல் பரவியதும் 50,000-க்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொன்றழித்தார்கள். அதற்கு ஸ்பானிய ஏடுகள் எழுதிய வினை 'சாக்ரிஃபிகார்'தான்.

செல்லப்பிராணிகள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2014-இல் மாட்ரிட்டில் எபோலா தொற்றிய செவிலியரின் நாயை அதிகாரிகள் கொன்றார்கள். அதைக் 'கருணைக்கொலை' என்பதும் தவறு. ஸ்பெயினின் 2023 விலங்குநலச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைக்கிறது: தீராத வேதனையை முடிக்கக் கால்நடை மருத்துவர் செய்வது 'எவுத்தனாசியா' (கருணைக்கொலை), மற்றது 'சாக்ரிஃபிசியோ'. பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் இல்லாமல் பின்னதற்கு அனுமதி இல்லை.

இலக்கணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'சாக்ரிஃபிகாரோன் அல் பெர்ரோ' என்பதில் ('பெர்ரோ' என்றால் நாய்) 'அல்' நான்காம் வேற்றுமைபோலத் தெரியும். 'நாய்க்குப் பலி கொடுத்தனர்' என்று அபத்தமாகிவிடும். மனிதரும் வீட்டு விலங்கும் செயப்படுபொருளாகும்போது 'அ' என்ற இடைச்சொல் முன்னால் வரும். பெயருக்கு முன் வரும் ஆண்பால் சுட்டு 'எல்' உடன் சேர்ந்தால் அது 'அல்'. இங்கே அது நம் 'ஐ' உருபு: 'நாயைக் கொன்றனர்'.

வினையின் கடைசியில் 'சே' ஒட்டி, பின்னால் 'போர்' ('க்காக' என்ற பொருள்) வந்தால் பெரும்பாலும் சாவுக்கே இடமில்லை. பிள்ளைகளுக்காகத் தன் சுகத்தை விட்டு உழைப்பது அது. 'சாக்ரிஃபிகாதோ' என்று ஒரு வேலையைச் சொன்னால், முதுகை ஒடிக்கும் வேலை என்று அர்த்தம்.

இதன் உறவுக்காரச் சொல் 'இன்மோலார்சே', அதாவது தன்னையே பலியாக்கிக்கொள்வது. இதைத் 'தீக்குளித்தார்' என்று பெயர்ப்பது பெரிய பிழையாகலாம். 2004 ஏப்ரல் 3 அன்று மாட்ரிட் அருகே லெகானெஸில் போலீஸ் சுற்றி வளைத்தபோது, மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட ஏழு பேர் வெடிவைத்துத் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள். ஒரு காவலரும் இறந்தார். அந்த எழுவரைப் பற்றியும் ஸ்பானிய ஏடுகளில் இந்தச் சொல்தான்.

எதிர்த்திசையில் பெயர்ப்போருக்கு ஒன்று: 'விபத்தில் மூவர் பலி' என்ற நம் தலைப்புக்கு 'சாக்ரிஃபிகார்' ஒருபோதும் பொருந்தாது. இறப்பைக் குறிக்கும் 'மோரிர்' அல்லது 'ஃபாயெசெர்' போதும்.

– ஸ்பானிய மொழி ஆசிரியர், புதுச்சேரி