காப்பகம் ‘இடமில்லை’ என்று சொல்வது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வழியோரம் தனித்துக் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு விலங்குகள் காப்பகத்துக்குப் போனபோது ‘இன்று இடமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும், பிறகு காப்பகம் என்று ஒன்று எதற்கு என்றும் சென்ற வாரம் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் கேட்டிருந்தார். வார இறுதிகளில் ஒரு காப்பகத்தில் கூண்டு கழுவவும் குட்டிகளுக்குப் பால் புகட்டவும் போய்வருகிறவன் என்ற முறையில், அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பார்ப்பதற்குத் துறுதுறுவென்று இருக்கும் குட்டியின் உடலிலும், கடும் வாந்தி பேதியால் குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் இருக்கலாம். தொற்றிய பின் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஒரு வாரமும், சில வேளைகளில் 14 நாட்கள் வரையும் ஆகும் என்பதாலும், மலத்தின் வழியே பரவும் அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும் என்பதாலும், புதிதாக வரும் குட்டியை ஏறத்தாழ இரண்டு வாரம் தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க முடியும். அந்தத் தனியறை நிரம்பியிருக்கும் நாளில் ஒரு குட்டிக்காகக் கதவைத் திறந்தால், உள்ளே தடுப்பூசி முடியாத குட்டிகள் அனைத்தையும் பறிகொடுக்க நேரலாம். ஆனால் இடமில்லை என்று சொல்வது வேறு, கையை விரிப்பது வேறு. பொறுப்புள்ள காப்பகம் வந்தவரிடம் தடுப்பூசிக்கு வழி சொல்லி, இடம் கிடைக்கும் வரை குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, அதற்கு வேண்டிய உதவியையும் செய்யும். அந்த வாசகருக்கு இது கிடைக்கவில்லை என்றால் பிழை காப்பகத்துடையதே.

உண்மையில் காப்பகத்தின் வேலையில் பெரும்பகுதி அதன் சுவர்களுக்கு வெளியேதான் நடக்கிறது. கண் திறவாத பூனைக்குட்டிகளுக்கு இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். அவற்றால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. ஈரத்துணியால் வருடிவிடாவிட்டால் சிறுநீர்கூடக் கழிக்காது. கூண்டில் அவை பிழைப்பது அரிது. தற்காலிகமாக வளர்த்துத் தரும் வீடுகள்தான் அவற்றைக் காப்பாற்றுகின்றன. (தூக்கம் கெடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.) மருத்துவமனையில் சேரும் முதியவரின் நாயைச் சில வாரங்கள் பார்த்துக்கொள்வதும், சிகிச்சைக்கு வழியில்லாதவருக்குக் கைகொடுப்பதும் இந்த வேலைதான், விலங்கு வீடிழந்த பின் அதற்கு வேறு வீடு தேடுவதைவிட இது எளிது.

வீடற்றவை என்று கொண்டுவரப்படுபவற்றில் சில வழிதவறியவை. தோலுக்கு அடியில் வைக்கப்படும், அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப் அவற்றின் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது விலங்கு எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவியன்று. பதிவேட்டில் உரிமையாளரைத் தேட உதவும் வெறும் எண் மட்டுமே. உரிமையாளர் தம் தொலைபேசி எண் மாறியதைப் பதிவேட்டில் திருத்தாவிட்டால் அந்தச் சிப்பால் ஒரு பயனும் இல்லை.

நாயைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்களுக்கும் காப்பகத்தால் நன்மை உண்டு. மனிதர்களுக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே வருகிறது என்றும், நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அதன் பரவலைத் தடுக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காப்பகங்கள் நடத்தும் தடுப்பூசி, கருத்தடை முகாம்கள் இல்லாமல் அந்த அளவை எட்டுவது கடினம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். காணாமல்போன, கண்டெடுக்கப்பட்ட விலங்குகளின் படங்களுக்கு வாரம் ஒருமுறை கால் பத்தி ஒதுக்கினால், பல கூண்டுகள் காலியாகும்.

அந்தக் குட்டி என்ன ஆனது என்று வாசகர் எழுதவில்லை. இன்னும் அவரிடமே இருந்தால், 6 முதல் 8 வார வயதில் போட வேண்டிய முதல் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, காப்பகத்துக்கு மீண்டும் ஒருமுறை தொலைபேசியில் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காப்பகத் தன்னார்வலர் ஒருவர்